டிங்சர் அக்கா போட்ட கையெழுத்து

ஊரில் மெட்டல் டிடெக்டரைக் கையில் பிடித்துக்கொண்டு கடற்கரையில் நடக்கிறவர்கள் மொத்தம் ஐந்து பேர். நாலு பேர் தங்கமும் காசும் தேடுகிறார்கள். ஐந்தாவது ஆள் ஒரு பெண். அவள் தேடுவது ஆணி. துருப்பிடித்த இரும்பு ஆணி, வேறொன்றும் இல்லை. தங்கம் கிடைத்தவன் கதை வேண்டுமென்றால் அது வேறு எங்காவது கிடைக்கும், அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம். இது ஆணி தேடியவள் கதை. சும்மா சொல்லக் கூடாது, அந்த நாலு பேரும் இதுவரை எடுத்த தங்கத்தையெல்லாம் ஒன்றாகக் குவித்தாலும் அவள் எடுத்ததற்கு ஈடாகாது.

அவள் நர்ஸ். கண் தெரியாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன வைத்திய அறைதான் இருபத்தாறு வருஷமாக அவளுடைய ராஜ்ஜியம். இரண்டு இரும்புக் கட்டில், முழங்காலால் ஓர் இடி இடித்தால்தான் திறக்கிற பீரோ, பக்கத்துச் சுவரைத் தவிர வேறெதையும் காட்டாத ஒரு ஜன்னல். அவள் வருவதற்கு முன்னால் அவள் மேலிருக்கும் மருந்து வாசனை வந்துவிடும் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் டிங்சர் அக்கா. ஐம்பத்தைந்து வயதாகிறது, இன்னும் அக்காதான். புதிதாக வந்த பிள்ளை தெரியாமல் ஆன்ட்டி என்று கூப்பிட்டுவிட்டால் அன்றைக்குப் போடுகிற ஊசி கொஞ்சம் கூடுதலாக வலிக்கும் என்று பள்ளியில் ஒரு பேச்சு உண்டு.

பள்ளியின் பின்கதவைத் திறந்து ஒரு சாலையைத் தாண்டினால் கடல். வாரத்தில் மூன்று நாள் காலையில் அங்கே ஓட்டப் பயிற்சி. மைதானத்தில் என்றால் இந்தப் பிள்ளைகள் கண் தெரிந்த ஒருவரோடு கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் ஓட வேண்டும். கடற்கரையில் கயிறும் வேண்டாம், துணையும் வேண்டாம். அலை வந்து போகிற இடத்தில் மணல் ஈரமாக, கெட்டியாக, பட்டை மாதிரி நீளமாக இருக்கிறதல்லவா, அதுதான் பாதை. இடது பக்கம் விலகினால் காலடியில் மணல் பொலபொலவென்று நழுவும். வலது பக்கம் விலகினால் தண்ணீர் படும். நடுவில் போகிறோமா இல்லையா என்பதை உள்ளங்கால் சொல்லிவிடும். இருநூறு மீட்டர் தள்ளி, சிவப்புத் துணி கட்டிய கம்பத்துப் பக்கத்தில் விளையாட்டு வாத்தியார் நின்று இரண்டு மரக்கட்டைகளைத் தட்டுவார். அந்தச் சத்தத்தைக் குறிவைத்து ஓடி வர வேண்டும். செருப்போ ஷூவோ போட்டால் மணலின் வித்தியாசம் தெரியாது. அதனால் எல்லோரும் வெறுங்காலோடுதான் ஓடுவார்கள்.

அதில் எல்லோரையும் விட வேகமானவள் பதினாலு வயதுப் பெண் ஒருத்தி. புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு ஓடுவதால் அவளுக்கு ரயில் என்று பெயர். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து யாரோ ஒருவர் கையைப் பிடித்தே நடந்த பெண். தன்னந்தனியாக, இஷ்டத்துக்கு ஓட அவளுக்குக் கிடைத்த இடம் பூமியிலேயே அந்த இருநூறு மீட்டர்தான். அங்கேதான் ஒரு நாள் அவள் காலில் ஆணி ஏறியது.

விரல் நீள ஆணி. டிங்சர் அக்காதான் பிடுங்கினாள், கழுவினாள், ஊசி போட்டாள். ரயில் அழவில்லை. "இனிமே ஓட விடமாட்டாங்க, இல்லக்கா?" என்று மட்டும் கேட்டாள். அக்காவுக்குச் சுருக்கென்றது. வலிக்குமா என்று கேட்ட பிள்ளைகளை அவள் ஆயிரம் பேர் பார்த்திருக்கிறாள், இப்படிக் கேட்ட பிள்ளையைப் பார்த்ததில்லை. அந்த ஆணியைத் துடைத்துக் கட்டுப் போடும் துணியில் சுற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

பயந்தபடியே ஆயிற்று. தலைமை ஆசிரியை அன்று மாலையே கடற்கரை ஓட்டத்தை நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. முப்பத்தோரு பிள்ளைகளை ஆணி கிடக்கும் மணலில் எந்த நெஞ்சோடு இறக்கிவிடுவது? விளையாட்டு வாத்தியார் அவர் அறைக்கு நடையாய் நடந்தார். தொல்லை தாங்காமல் கடைசியில் தலைமை ஆசிரியை ஒரு வழி சொன்னார். அந்த இருநூறு மீட்டரில் ஓர் ஆணிகூட இல்லை என்று பொறுப்பான ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும், மறுநாளே ஓடலாம். வாத்தியார் போகாத அலுவலகம் இல்லை. மணலுக்குள் என்ன கிடக்கிறது என்று யாருக்கய்யா தெரியும் என்று எல்லோரும் கையை விரித்தார்கள். ஆசிரியர்கள் கூட்டத்தில் இதை அவர் சொல்லி முடித்தார்.

"நான் போடுறேன் மேடம்," என்றாள் டிங்சர் அக்கா. "ஆனா கண்ணை மூடிக்கிட்டுப் போட மாட்டேன். தேடிப் பாத்துட்டுப் போடுறேன். ரெண்டு மாசம் குடுங்க."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாயே என்று வீட்டில் அவள் கணவர் சிரித்தார். அவர் தச்சர். ஆணியைப் பற்றி அவரிடம்தான் கேட்க வேண்டும். கைப்பையிலிருந்த ஆணியை வாங்கிப் பார்த்துவிட்டு, சாமான் பெட்டிப் பலகையில் அடிக்கிற ஆணி என்றார். கடற்கரையில் குளிர்காய உட்காருகிறவர்கள் பழைய பெட்டிகளை உடைத்துக் கொளுத்துகிறார்கள். பலகை சாம்பலாகிவிடும். ஆணி மணலுக்குள் போய்விடும், அலை அதை இழுத்துக்கொண்டு போய் எல்லா இடத்திலும் பரப்பிவிடும். மெட்டல் டிடெக்டர் வாங்கலாமா என்று அவள் கேட்டதற்கு, இதற்குப் போய் என்ன மெஷின், ஒரு காந்தம் போதாதா என்று பழைய ஒலிபெருக்கிக் காந்தத்தைக் கயிற்றில் கட்டிக் கொடுத்தார்.

காந்தத்தை இழுத்துக்கொண்டு ஒரு காலைப்பொழுது நடந்தாள். கடல் மணலில் கறுப்புக் கறுப்பாக இரும்புத் தூள் கலந்திருக்கும். காந்தத்துக்கு ஒரு சாண் தாடி முளைத்ததே தவிர, ஆணி வந்ததென்னவோ இரண்டுதான். நாலு விரல் ஆழத்தில் ஈர மணல் கவ்விப் பிடித்திருக்கும் ஆணி காந்தத்துக்கு அசைந்து கொடுப்பதில்லை.

ஆகவே கடைக்குப் போனாள். தண்ணீர் பம்பும் நிலம் அளக்கிற கருவியும் விற்கிற கடை அது. மெட்டல் டிடெக்டரும் அங்கேதான் இருந்தது. வெறுங்கையோடு போகவில்லை. ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையக் கடலோர ஈர மணலை அள்ளி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். கண்ணாடி மேசை மேல் உப்புத் தண்ணீர் சொட்டியதைப் பார்த்ததுமே கடைக்காரர் முகம் சுண்டிப்போயிற்று.

இருந்தாலும் வியாபாரி வியாபாரிதான். ஒரு மெஷினை எடுத்துத் துடைத்து, இது இரும்புக்கு வாயே திறக்காது என்று பெருமையடித்தார். தங்கம், வெள்ளி, காசு, இதற்கெல்லாம்தான் கூவும், ஆணி, கம்பி, மூடிக்கெல்லாம் கம்மென்று இருக்கும், வாங்கிப் போகிறவர்கள் கேட்பதே அதைத்தான் என்றார்.

"எனக்கு இரும்புக்கு வாயைத் திறக்குறது வேணும்," என்றாள் அவள். "தங்கத்துக்குக் கம்முனு இருந்தாலும் பரவாயில்ல."

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் துணியைப் பிரித்து, ரயிலின் காலில் ஏறிய அதே ஆணியை எடுத்து வாளி மணலில் நாலு விரல் ஆழத்துக்குப் புதைத்தாள். மலிவான மெஷினை வாளிக்கு மேல் கொண்டுவந்தார்கள். ஆணிக்கு வருவதற்கு முன்னாலேயே அது கீச்சு கீச்சென்று கத்தத் தொடங்கிவிட்டது. உப்பு ஈரத்தையே அது உலோகம் என்று நினைத்துக்கொள்கிறதாம். பிள்ளைகள் ஓடுவதே ஈர மணலில், அதிலே தடுமாறுகிற மெஷினை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஒதுக்கு என்றாள். அடுத்து எல்லாவற்றிலும் விலை கூடியது. உப்புக்கு அசையாது, முழங்கை ஆழத்தில் கிடப்பதையும் விடாது, ஆனால் தூக்கினால் தோள்பட்டை கழன்றுவிடும் போல கனம்.

"முழங்கை ஆழத்துக்கா பாதம் போகுது? அங்க கிடக்குறது அங்கயே கிடக்கட்டும். அது யாரையும் குத்தாது," என்று அதையும் ஒதுக்கினாள்.

நடுவில் ஒன்று இருந்தது. ஒரே நேரத்தில் பல அலைவரிசையில் வேலை செய்வதால் உப்பைப் பார்த்துப் பதறாது. இரும்பை ஒதுக்குகிற பொத்தானை அணைத்துவிட்டுக் காட்டச் சொன்னாள். ஆணிக்கு டொர்ர் என்று தாழ்ந்த குரலில் உறுமியது. காசுக்கு டிங் என்றது. இருபத்தாறு வருஷம் ஸ்டெதஸ்கோப் வைத்து நெஞ்சுச் சளியைத் தரம் பிரித்த காதுக்கு இது ஒரு பாடமா? துணி துவைக்கும் மெஷின் வாங்கச் சேர்த்துவைத்திருந்த பணம் அதற்குப் போயிற்று. அப்போ துணி யார் துவைப்பது என்று கணவர் கேட்டார். நீங்கதான் என்றாள். துவைத்தார் மனுஷன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதல் நாள் கூத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆணி குத்திவிடக் கூடாது என்று கணவருடைய பட்டறை ஷூவை, காகிதம் திணித்து, மாட்டிக்கொண்டு போனாள். மெஷினை இடம் வலமாக வீசினால் ஒவ்வொரு வீச்சுக்கும் காலடியில் டொர்ர். தோண்டினாள். ஒன்றும் இல்லை. ஓரடி தள்ளி மறுபடியும் டொர்ர். பதினேழு குழி தோண்டிவிட்டாள், ஆணி மட்டும் அவளோடு கண்ணாமூச்சி ஆடிக்கொண்டே வந்தது. சற்றுத் தள்ளி, அகலத் தொப்பி போட்ட ஒருவர் மெஷினை ஊன்றிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். தங்கம் தேடுகிற நாலு பேரில் மூத்தவர், பதினைந்து வருஷ அனுபவம். ஒரு தடவை ஒரு தங்க வளையல் எடுத்தாராம், அதைத் தினமும் ஒருவருக்காவது சொல்லாமல் அவருக்குப் பொழுது போகாது.

"சிஸ்டர், சிக்னல் மணல்ல இல்ல, உங்க கால்ல இருக்கு," என்றார் தொப்பிக்காரர்.

பட்டறை ஷூவின் முனையில் இரும்புத் தகடு. அக்கா அசடு வழிந்தாலும் அடுத்த நிமிஷம் அவரோடு சேர்ந்து சிரித்துவிட்டாள். அவள் ஆணி தேடுகிறாள் என்று கேட்டதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். இரும்பை ஒதுக்கிவிட்டுத் தேடினால் வாழ்க்கை நிம்மதியாக இருக்கும் என்று புத்திமதி சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து ரப்பர் செருப்பு. விடிந்ததும் பின்கதவைத் திறந்துகொண்டு போவாள். முளை அடித்துக் கயிறு கட்டி, இரண்டு கை அகலத்துக்கு ஒரு வரிசை. ஒரு வீச்சு முந்தின வீச்சைப் பாதி தொட வேண்டும், நடுவில் ஒரு விரல் அகலம் விடுபடக் கூடாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்பார்களே, அப்படி. டொர்ர் என்றால் ஓட்டை போட்ட கரண்டியால் அள்ளி, மணலைச் சலித்து, ஆணியை டப்பாவில் போட்டு, குழியை மூடி மிதித்துவிட்டுத்தான் அடுத்த அடி. குழியில் கால் வைத்துப் பிள்ளை விழுந்தால் அதற்கும் அவள்தான் கட்டுப் போட வேண்டும். பத்து நாளில் வலது தோள் வீங்கிவிட்டது. பிள்ளைகளுக்குத் தடவுகிற தைலத்தைத் தனக்கே தடவிக்கொண்டு, இடது கைக்கு மாற்றினாள்.

அன்றன்று கிடைத்த ஆணியை ஒரு பால்பவுடர் டப்பாவில் போட்டு வைத்திய அறை ஜன்னலில் வைப்பாள். காலையில் பிள்ளைகள் வரிசையாக வந்து டப்பாவைக் குலுக்கிப் பார்ப்பார்கள். முதல் வாரம் கடகடவென்று காது கிழியும். மூன்றாவது வாரம் சலசல. ஆறாவது வாரம் ஒன்றோ இரண்டோ டிக் டிக் என்று உருளும். ரயில் தினமும் வருவாள். காலில் கட்டு அவிழ்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது, இருந்தும் டப்பாவைக் குலுக்கத்தான் வருவாள். ஏழாவது வாரம் தொடர்ந்து மூன்று நாள் டப்பா சத்தம் போடவில்லை. தலைமை ஆசிரியை கடிதத்தை டைப் அடித்துவைத்தார். வரும் சனிக்கிழமை ஓட்டம் என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை காலையில் எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று போனவள் ஆடிப்போய்விட்டாள். பதினொரு ஆணி. மெஷினே வேண்டாம், வெறும் கண்ணுக்கே தெரிந்தது, மணலுக்கு மேலேயே கிடந்தது. அள்ளிக்கொண்டு கணவரிடம் ஓடினாள். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"இது நேத்து எரிச்ச பெட்டி ஆணி இல்ல. வருஷக்கணக்கா ஆழத்துல கிடந்து ஊறினது," என்றார். "தானா மேல வராது. யாரோ தோண்டி எடுத்துப் போட்டிருக்காங்க."

வெள்ளிக்கிழமை விடியும்போது அவள் கடற்கரையில் இருந்தாள். தொப்பிக்காரரும் இருந்தார், கம்பத்துக்கு இந்தப் பக்கத்திலேயே. அவர் மெஷின் டிங் என்றது. ஆசையாகக் குனிந்து முழங்கை ஆழம் தோண்டினார். துருவேறி வளைந்த ஆணி சில சமயம் தங்கம் மாதிரியே சத்தம் கொடுத்து ஏமாற்றும், இரும்பை ஒதுக்கி வைத்தாலும் ஏமாற்றும். "சீ" என்று சொல்லிவிட்டு அந்த ஆணியைத் தோளுக்குப் பின்னால் வீசினார், குழியைக் காலால் தள்ளினார், அடுத்த இடத்துக்குப் போனார். பதினைந்து வருஷப் பழக்கம், கை தன்பாட்டுக்குச் செய்கிறது. தங்கம் தேடுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

அக்கா லேசுப்பட்டவள் இல்லை. அவள் வாயைத் திறந்தால் டாக்டரே ஓரமாக ஒதுங்குவார். ஆனால் அன்றைக்கு அவள் கத்தவில்லை. அந்த ஆணியைக் குனிந்து எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனாள். கைப்பையிலிருந்து துணியைப் பிரித்து, பழைய ஆணியையும் அதன் பக்கத்தில் வைத்து நீட்டினாள்.

"இது ஒரு பொண்ணு கால்லருந்து எடுத்தது. அவளுக்குக் கண்ணு தெரியாது. ஆழத்துல கிடந்திருந்தா அவ பாட்டுக்கு அது மேல ஓடிப் போயிருப்பா. இதையும் இப்படி யாரோ தோண்டி மேல போட்டிருக்கலாம்."

அவர் இரண்டு ஆணியையும் மாறி மாறிப் பார்த்தார். "நான்தான் போட்டேன்னு சொல்றீங்களா?"

"யாருன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதான் சொல்றேன்."

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றினார். நாளைக்குக் காலையில் அந்தப் பெண் ஓடுவாள், முடிந்தால் வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு அவள் தன் கயிற்றைக் கட்டப் போய்விட்டாள். இருநூறு மீட்டரையும் முதலிலிருந்து பார்த்தாள். மதியம் திரும்ப இன்னொரு தடவை பார்த்தாள். டொர்ர் இல்லை. மற்ற யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்க்க அவளுக்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை.

சனிக்கிழமை காலை மணலில் வைத்தே கையெழுத்துப் போட்டாள். தலைமை ஆசிரியை கடிதத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டார். முதல் ஆளாக ரயில் வந்து நின்றாள். செருப்பைக் கழற்றியவள் காலை மணலில் வைக்காமல் அந்தச் செருப்பின் மேலேயே நின்றாள்.

"அக்கா, கையெழுத்துப் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"நீங்களேவா?"

"நானேதான். போ."

அக்கா கம்பத்துப் பக்கம் போய் முதலுதவிப் பெட்டியோடு நின்றாள். வாத்தியார் மரக்கட்டைகளைத் தட்டத் தொடங்கினார். முதல் பத்து அடி அந்தப் பெண் நெருப்பின் மேல் வைப்பது போலக் காலை வைத்தாள். பிறகு இடது பக்கம் விலகினாள், மணல் நழுவியது, தானே திருத்திக்கொண்டாள். ஐம்பதாவது மீட்டரில் புஸ் புஸ் கேட்டது. அதற்குமேல் அவளைப் பிடிக்க ஆள் இல்லை. வேகமாக வந்தாள், கம்பத்தை நெருங்கினாள், மரக்கட்டைச் சத்தத்தைத் தாண்டினாள், நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தாள்.

வாத்தியார் விசில் ஊதினார். காதில் விழாமல் இருக்காது, ஆனால் இரண்டு மாதம் கட்டிப் போட்டிருந்த கால், கேட்குமா? அக்காவுக்கு உயிரே போய்விட்டது. கம்பம் வரைக்கும்தான் அவள் பார்த்த மணல், அவள் கையெழுத்து. அதற்கு அந்தப் பக்கம் என்ன கிடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. பெட்டியைப் போட்டுவிட்டு, நில்லு நில்லு என்று கத்திக்கொண்டு, ஐம்பத்தைந்து வயதில் ஓடினாள். முப்பது அடி ஓடியிருப்பாள், தொப்பிக்காரர் குறுக்கே வந்து நின்றார். மணலும் வியர்வையுமாக, ராத்திரி வீட்டுக்கே போகாதவர் போல இருந்தார்.

"ஓடட்டும் சிஸ்டர்," என்றார். "அந்தப் பாறை வரைக்கும் பாத்தாச்சு. நேத்து நாங்க நாலு பேரும். இரும்புப் பொத்தானை அணைச்சு வெச்சுத்தான் பாத்தோம்."

கம்பத்திலிருந்து பாறைக்கு இன்னும் அறுநூறு மீட்டர் இருக்கும். அங்கே பாறைக்கு முன்னால் அவர்களில் ஒருவர் நின்றிருந்தார், அந்தப் பெண் நெருங்கி வருவதைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த பெயின்ட் டப்பாவைக் குலுக்கினார். அத்தனையும் ஆணி. கடகடவென்று அந்தச் சத்தம் கடல் இரைச்சலையும் மீறி வந்தது. ஜன்னலில் எத்தனை காலை கேட்ட சத்தம் அது, ரயிலுக்கா தெரியாது? தலையை நிமிர்த்தி அந்தச் சத்தத்தைக் குறிவைத்து ஓடினாள். அக்கா நின்ற இடத்திலேயே நின்று, மூச்சு வாங்க, கண்ணைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தலைமை ஆசிரியையிடம் போய்க் கடிதத்தைத் திரும்ப வாங்கினாள். இருநூறு மீட்டர் என்பதை அடித்துவிட்டு, பாறை வரை என்று எழுதினாள். பேனாவைத் தொப்பிக்காரரிடம் நீட்டினாள்.

"என் பேருக்குக் கீழ நீங்களும் போடுங்க."

அவர் கையைச் சட்டையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு, கொட்டை எழுத்தில் போட்டார். அந்த வளையல் கதையை அதற்குப் பிறகு அவர் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்ல வேறு கதை வந்துவிட்டது.

ரயில் திரும்பி வந்தாள். பெயின்ட் டப்பாவோடு துணைக்கு வந்தவரின் கையைப் பிடிக்காமல், ஈர மணலிலேயே தனியாக நடந்து வந்தாள். வழக்கப்படி அக்கா முதலில் அவளை உட்காரவைத்து இரண்டு பாதத்தையும் தூக்கிப் பார்த்தாள். பழைய தழும்பு ஒன்று இருந்தது. வேறொன்றும் இல்லை.

"அக்கா," என்றாள் ரயில், இன்னும் புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கிக்கொண்டு. "இந்தக் கடற்கரை இவ்வளவு நீளமாவா இருந்துச்சு?"